பாம்பு கேட்ட கேள்வியை நான் கேட்டேன்

டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டு போனதும் அப்பா தண்ணீர் கேட்கவில்லை. "டப்பாவ கொண்டாந்தியா?" என்று அம்மாவைக் கேட்டார்.

அம்மா ஒயர்கூடைக்குள் கைவிட்டு எடுத்துக் கொடுத்தாள். பழைய பிஸ்கட் டப்பா. அதற்குள் வாக்குத்தத்த அட்டைகள். புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளச் சொல்லித் தட்டை நீட்டுவார்களே, அந்த அட்டைகள்தான். ஒரு பக்கம் வசனம், மறுபக்கம் மலையோ ஆட்டுக்குட்டியோ. எல்லாரும் அதை பீரோவில் ஒட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். அப்பா மட்டும் அக்கம்பக்கத்தார் ஒட்டாமல் விட்டதையும் கேட்டு வாங்கி வருடக்கணக்கில் சேர்த்து வைத்திருந்தார். மற்றவர்களுக்கு அது ஆசீர்வாதம். அப்பாவுக்கு அது உத்தரவு.

அவர் டப்பாவைத் திறந்தார். டாக்டர் சொன்னதை நாங்கள் மூவரும்தான் கேட்டோம். வலது கால் சுண்டுவிரல் செத்துவிட்டது. இன்றைக்கே எடுத்தால் விரலோடு போகும். விட்டால் மேலே ஏறும், கணுக்கால், முட்டி என்று போய்க்கொண்டே இருக்கும். "நான் வற்புறுத்த மாட்டேன். குடும்பமா பேசிட்டு மதியத்துக்குள்ள சொல்லுங்க," என்றார் அந்த டாக்டரம்மா. பேசுவதற்குப் பதிலாக அப்பா அட்டைகளைக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். அப்பா பட்டு நெய்கிறவர். நான் பிறப்பதற்கு முன்னால் வீட்டில் எல்லாரும் விபூதி பூசினவர்கள். கல்யாணமோ, வழக்கோ, புதுத் தறி இறக்குவதோ, எதுவானாலும் கோயிலில் பூப் போட்டுப் பார்ப்பார்கள். ஒரு பொட்டலத்தில் பூ, இன்னொன்றில் வில்வம். சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுத்தால் பதில் வந்துவிடும். ஞானஸ்நானம் எடுத்தபோது அப்பா விபூதியை விட்டார், கையில் கட்டியிருந்த கயிற்றை அறுத்தார், சொந்தக்காரர்கள் வீட்டுப் படையல் சோற்றையும் விட்டார். பூப் போட்டுப் பார்ப்பதை மட்டும் விடவில்லை. பொட்டலம் போய் அட்டை வந்தது, அவ்வளவுதான். சபையில் யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. கோயிலிலும் இனி அவருக்கு அந்த உரிமை இல்லை. இரண்டுக்கும் நடுவில் அவரே போட்டுக்கொண்ட வழி அது.

நான் கல்லூரியில் பிசிக்ஸ் படித்ததும் ஓர் அட்டையால்தான். வானத்தைப் பற்றிய வசனம் வந்தது. கம்ப்யூட்டர் சயன்ஸைப் பற்றி எந்த வசனமும் வர வாய்ப்பில்லையே என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. நானும் சிரித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். பிசிக்ஸ் எனக்குப் பிடித்தும் போனது. இப்போது ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் உதிரிபாகங்களின் தரம் பார்க்கும் வேலை. கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் காதில் யாராவது ஒருவர் வேதப் பாடம் நடத்திக்கொண்டே இருப்பார். எனக்கு அதில் பைத்தியம். அதிலும் முதல் சில பக்கங்கள். உலகம் உண்டாவது, மண்ணில் மனிதனைப் பிசைவது, தோட்டம், மரம், பாம்பு. ஒவ்வொரு வாசிப்பிலும் ஏதாவது ஒன்று புதிதாகக் கண்ணில் படும்; உடனே யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

அப்பா ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, செவிலிமேட்டில் எங்கள் சபை நடக்கிற வாடகை ஹாலில், வாலிபர் கூட்டத்தில் அதைப் பற்றித்தான் பேசினேன். தலைப்பே நான் வைத்ததுதான்: "அந்த நேரத்தில் தேவன் எங்கே இருந்தார்?"

எனக்கு மைக் கிடைத்தால் போதும். "கவனிச்சுப் பாருங்க," என்று ஆரம்பித்தேன். "மிருகங்களுக்குப் பேர் வைக்கிற வேலையை அவர் மனுஷன்கிட்ட விட்டுட்டு, என்ன பேர் வைக்கிறான்னு பார்த்துக்கிட்டு இருக்கார். திருத்தவே இல்லை. அப்புறம், பழத்தைத் தின்னக் கூடாதுன்னு அவர் சொன்ன அந்த மரம். நடுத்தோட்டத்துல இருக்கு. வேலி இல்லை, பூட்டு இல்லை, ஒரு சிசிடிவி கூட இல்லை." எல்லாரும் சிரித்தார்கள். "பாம்பு பேசும்போது அவர் அங்க இல்லை. சாயங்காலம் காத்து வாங்கத்தான் வர்றார். இடையில இருக்கிற அந்த மத்தியான நேரத்தை அவர் நமக்கு விட்டுட்டார். மனுஷன் தானா முடிவெடுக்கிற நேரம் அது. அது தண்டனை இல்லை, மரியாதை."

பின்வரிசையில் அப்பா உட்கார்ந்திருந்தார். காலில் கட்டு. பெண் பேசுகிறாள் என்று நொண்டிக்கொண்டே வந்திருந்தார்.

அந்தக் கட்டுக்குக் காரணம் ஒரு கண்ணாடிச் சில்லு. விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டும்போது, அதாவது தறியில் ஏற்றப்போகும் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டும்போது, யாரும் செருப்புப் போடமாட்டார்கள். எவனோ உடைத்துப் போட்ட பாட்டிலின் ஒரு துண்டு அப்பாவின் சுண்டுவிரலுக்கு அடியில் ஏறிவிட்டது. சர்க்கரை வியாதியால் பாதத்தில் உணர்ச்சி போய் வெகுநாளாயிற்று. அதனால் அவருக்கே தெரியவில்லை. வீட்டுக்குள் வந்து நடந்த பிறகு, தரையில் ஈரமாக இருக்கிறதே என்று அம்மாதான் பார்த்தாள். மஞ்சள் வைத்தார்கள், மெடிக்கல் ஷாப்பில் சொல்லி மாத்திரை வாங்கினார்கள். அப்பா தறிக்குழியில் இறங்கி மிதித்துக்கொண்டே இருந்தார். வலிக்காத புண்ணை யார் மதிப்பார்கள்? நாற்றம் வந்த பிறகுதான் ஆட்டோ பிடித்தோம்.

இப்போது அவர் கண்ணை மூடி ஜெபித்துவிட்டு ஓர் அட்டையை உருவினார். "கண்ணாடி எடுத்தாரல. நீ படிம்மா."

வாங்கிப் படித்தேன். படித்ததும் என் கை மயிர் நின்றது. உன் கால் தள்ளாட அவர் விடமாட்டார் என்கிற வாக்கு.

"பாத்தியா?" என்றார் அப்பா. குரலே மாறிவிட்டது. "காலத்தான் சொல்றாரு. காலையே சொல்றாரு! எடுக்க வேணாம். கெளம்பலாம்."

எனக்குள் இருந்த பிசிக்ஸ் மாணவி வேகவேகமாகக் கணக்குப் போட்டாள். வேதத்தில் காலும் பாதையும் வராத பக்கம் எவ்வளவு இருக்கும்? டப்பாவில் பாதி அட்டையில் கால் இருக்கும். ஆனால் கை மயிர் கணக்கைக் கேட்கவில்லை. ஒருவேளை நிஜமாகவே அவர் பேசிவிட்டாரா? பேசியிருந்தால், அதற்கு எதிராக வாய் திறக்கிற நான் யார்?

"அப்பா, தள்ளாடாதுன்னுதான போட்டிருக்குது? சுண்டுவெரல எடுத்தா தள்ளாடுமா? அப்பவும் நடக்கலாம்பா."

"வசனத்த வளைக்காத."

"வளைக்கலப்பா..."

"இன்னிக்கு வெரலும்பாங்கோ, நாளைக்கு முட்டிம்பாங்கோ. நம்ம பின்னாடி தெருக்காரரு அப்டித்தான் போனாரு. மொதல்ல வெரலு, கடசீல தொடை. காலில்லாம தறி மிதிய இன்னாத்த வெச்சு மிதிக்கிறது? தல வெச்சா?"

"அவரு ஆஸ்பத்திரிக்கு லேட்டா போனாருப்பா, அதான்."

"ஆண்டவரு சொல்லிட்டாரு. முடிஞ்சிச்சு."

அப்போதுதான் அது என் வாயிலிருந்து வந்தது. யோசித்து வரவில்லை. "ஆண்டவர் நெஜமாவே அப்டியா சொன்னாரு?"

சொன்ன மாத்திரத்தில் எனக்குக் கேட்டுவிட்டது. அப்பாவுக்கும் கேட்டுவிட்டது. என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில்.

"இதத்தான அன்னிக்கு மைக்குல சொன்ன நீ? பாம்பு வந்து தோட்டத்துல அந்தம்மாகிட்ட கேட்டுதுன்னு?"

படைப்புக் கதையில் வருகிற முதல் கேள்வி அது. அதுவரை அந்தக் கதையில் கேள்வியே கிடையாது. ஆகட்டும் என்றால் ஆகிறது. முதல் கேள்வியைக் கேட்டது பாம்பு. தேவன் நிஜமாகவே அப்படிச் சொன்னாரா என்று. ஞாயிற்றுக்கிழமை நான் அதை எவ்வளவு ரசித்துச் சொன்னேன்! பாம்பின் குரலில் சொல்லிக் காட்டிக் கைதட்டல் வாங்கினேன். இப்போது அதே கேள்வியை, கட்டிலில் கிடக்கிற என் அப்பாவிடம், என் சொந்தக் குரலில் கேட்டுவிட்டு நிற்கிறேன்.

வெளியே யாரோ டிராலி தள்ளிக்கொண்டு போனார்கள். நான் செய்துகொண்டிருப்பது ஒரு மனிதனைக் காப்பாற்றுகிற வேலையா, அவருக்கும் அவருடைய கடவுளுக்கும் நடுவில் ஊர்ந்து நுழைகிற வேலையா? எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்பதுதான் பயம். ஞாயிற்றுக்கிழமை ஓர் அக்கா எழுந்து, "அப்போ பயம் எங்கேருந்துமா வந்துச்சு?" என்று கேட்டார். "கீழ்ப்படியாததுக்கு வந்த தண்டனை," என்று பட்டென்று சொல்லி உட்காரவைத்துவிட்டேன். அந்தத் தோட்டத்தில் சிங்கம் இருந்தது, இருட்டு இருந்தது, ஒருவரும் பயப்படவில்லை. சொந்தமாக ஒரு முடிவு எடுத்த பிறகுதான், பயந்து ஒளிந்துகொண்டேன் என்று மனிதன் சொல்கிறான். தண்டனை அறிவிக்கப்படுவதே அதற்கும் பிறகுதான். வரிசையைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை.

"பாஸ்டருக்குப் போன் போடு," என்றாள் அம்மா.

போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன். அப்பா அட்டையைப் பற்றிச் சொன்னார், டாக்டர் சொன்னதையும் சொன்னார். எந்த வசனம் என்று பாஸ்டர் கேட்டுக்கொண்டார்.

"ஐயா, அது வருஷ ஆசீர்வாதமா குடுக்கிறது. அத வெச்சு நான் எடுங்கன்னும் சொல்ல முடியாது, வேணாம்னும் சொல்ல முடியாது. ஜெபிக்கிறேன். உங்க உள்ளத்துல எது சமாதானமா படுதோ, அத செய்யுங்க."

"சமாதானமா ஒண்ணும் படலியே ஐயா," என்றார் அப்பா.

"ஜெபிக்கிறேன் ஐயா."

போனை வைத்ததும் அப்பா அம்மாவைப் பார்த்தார். "நீ இன்னா சொல்ற?"

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்," என்றாள் அம்மா, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு. "எடுன்னு சொல்லி ஏதாவது ஆச்சுன்னா அவதான் சொன்னான்னுவீங்க. வேணாம்னு சொல்லி ஏதாவது ஆச்சுன்னாலும் அவதான் சொன்னான்னுவீங்க. நான் வேண்டிக்கினேன். என் வேல முடிஞ்சிது."

"யார்கிட்டம்மா வேண்டிக்கின?" என்றேன்.

"யார்கிட்டயோ. உனக்கு இன்னா இப்போ?"

அம்மாவும் சபைக்கு வருவாள். வரும் வழியில் அம்மன் கோயில் வாசலில் நடை கொஞ்சம் மெதுவாகும். அதை நாங்கள் யாரும் பேசுவதில்லை.

டாக்டர் எங்களிடம் விட்டார். பாஸ்டர் உள்ளத்திடம் விட்டார். அம்மா யாரிடமோ விட்டாள். அப்பா அட்டையிடம் விட்டிருந்தார். தோட்டத்திலும் இதுதானே நடந்தது? பழத்தைத் தின்றாயா என்று கேட்டதும் மனிதன் மனைவியைக் காட்டினான், அவள் பாம்பைக் காட்டினாள். பாம்பிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அதற்குக் காட்ட ஆள் இல்லை.

சுவரில் கடிகாரம் இருந்தது. நான் அதைப் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

அப்பா கட்டுப்போட்ட காலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டப்பாவை என் பக்கம் தள்ளினார். "எனக்குக் கொழப்பமா இருக்குதும்மா. இன்னொண்ணு எடுக்கலாம். நீயே எடு. நீயே படி."

மூடியைத் திறந்தேன். எடுத்தேன். உன் சந்ததி நட்சத்திரங்களைப் போலப் பெருகும் என்கிற வகை வசனம். விரலும் இல்லை, காலும் இல்லை. அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாவிடம் கண்ணாடி இல்லை. அம்மா எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் பொழுது போய்விடும். அட்டையில் என்ன இருக்கிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். உன் சரீரத்தில் ஓர் அவயவம் கெடுவதைவிட அதை எடுத்துப் போடுவது நல்லது என்கிற மாதிரி வசனம் வேதத்தில் உண்டு, எனக்கு மனப்பாடம். அதைச் சொன்னால் போதும். அப்பா கையெழுத்துப் போட்டுவிடுவார். சந்தோஷமாகப் போடுவார். கால் பிழைத்தால் ஆண்டவருக்கு மகிமை. பிழைக்காவிட்டால் ஆண்டவருடைய சித்தம். இரண்டிலும் நான் இருக்கமாட்டேன். அந்தத் தோட்டத்து மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

வாயைத் திறந்தேன். அந்த வசனத்தின் முதல் சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"இது உன் காலப் பத்தி இல்லப்பா," என்றேன். "சந்ததியப் பத்தி. நட்சத்திரம் மாதிரி பெருகுமாம்."

"இருக்கிறது நீ ஒருத்தி. எங்கேருந்து பெருகறது?" என்றாள் அம்மா.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. "அப்போ?"

"அப்போ நான் சொல்றேன்பா. எடுத்துடலாம். ஆண்டவர் சொன்னாருன்னு சொல்லல. பாஸ்டர் சொல்லல, டாக்டரம்மாவும் சொல்லல. நான் சொல்றேன்."

மேடையில் அந்தச் சொற்களைச் சொன்னபோது எவ்வளவு கம்பீரமாக இருந்தது! மனிதன் தானாக முடிவெடுக்கிற நேரம். மரியாதை. அது இப்படி, முழங்கால் கட்டில் கம்பியில் இடித்துக்கொண்டு, ஒரு சுண்டுவிரலைப் பற்றிச் சொல்கிற சொல்லாக இருக்கும் என்று யார் நினைத்தார்கள்? ஆண்டவரை விட்டு விலகிப் போகிறேனா, அவர் விட்டுவைத்த இடத்தில் நிற்கிறேனா என்று அப்போதும் எனக்குத் தெரியவில்லை.

"தப்பாப் போச்சின்னா?" என்றார் அப்பா.

"பொண்ணுதான் சொன்னா, தப்பாப் போச்சுன்னு சொல்லு. ஊரெல்லாம் சொல்லு."

அவர் டப்பாவை வாங்கி மூடினார். மூடியை இரண்டு முறை அழுத்தினார்.

"அட்ட வந்து எங்கூட ஆஸ்பத்திரில ஒக்காராது. நீ ஒக்காருவ இல்ல?"

"ஒக்காருவேன்."

"கம்பெனிக்கு ஓடிட மாட்ட?"

"ஓட மாட்டேன்பா."

"அப்போ டாக்டரம்மாவ கூப்புடு. கையெழுத்துப் போடறேன்."

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்தபோது நான் ஜெபித்தேன். வழக்கமாக நான் நன்றாக ஜெபிப்பேன், சொற்கள் கொட்டும். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. பதில் கேட்டு ஜெபித்துத்தான் பழக்கம். பதிலை நானே சொல்லிவிட்ட பிறகு என்ன கேட்பது? கூட இருங்கள் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். இருந்தாரா என்று சொல்லத் தெரியவில்லை. பக்கத்தில் அம்மா இருந்தாள். மடியில் டப்பா.

டாக்டர் வெளியே வந்து மாஸ்க்கை இறக்கினார். அவர் முகத்தைப் பார்த்ததுமே நான் எழுந்துவிட்டேன்.

"உள்ள திறந்து பார்த்தப்போ அடுத்த விரலுக்கும் போயிருந்ததுமா. ரெண்டையும் எடுக்க வேண்டியதாப் போச்சு. மிச்சம் நிக்குமா, மேல ஏறுமான்னு புண்ணு ஆறுறதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்."

ஒன்று என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினேன். இரண்டு போயிருந்தது. அப்பா பயந்தது அதைத்தானே? இன்றைக்கு ஒன்று என்பார்கள், நாளைக்கு இன்னொன்று என்பார்கள் என்று. நாளை வரைகூடக் காத்திருக்கவில்லை. அம்மா என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சாப்டியா?" என்று கேட்டாள்.

கண் விழித்ததும் அப்பாவிடம் நானே சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் நாற்காலியை அந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

இதை எழுதுகிற இன்று வரை கால் இருக்கிறது. இன்று வரை என்றுதான் சொல்ல முடியும். வீட்டுக்கு வந்துவிட்டோம், காலையில் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். கம்பெனியில் ஷிப்ட் மாற்றிக் கேட்டு வாங்கியிருக்கிறேன். அப்பா தன் புண்ணைப் பார்ப்பதில்லை. நர்ஸ் அக்கா துணியைப் பிரிக்கும்போது அவர் என் முகத்தைத்தான் பார்ப்பார். அதனால் என் முகத்தை நான் கல்லாக வைத்துக்கொள்ளப் பழகிக்கொண்டேன். கல்லாக இருந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

"யப்பா, இது இன்னா பொண்ணு மூஞ்சா, ஸ்கேன் ரிப்போர்ட்டா? இப்டி பாக்கறீங்க!" என்றார் இன்றைக்கு நர்ஸ் அக்கா.

கடைசிச் சுற்றுத் துணி சதையோடு ஒட்டியிருந்தது. மருந்துத் தண்ணீர் விட்டு நனைத்து மெல்ல எடுத்தார். நான் குனிந்தேன். உள் ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுச் சதை கிளம்பியிருந்தது. வெளி ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. நேற்று அது இருந்ததா? நிழலாக இருக்குமோ? நர்ஸ் அக்காவும் குனிந்து பார்த்தார். டாக்டரைக் கூப்பிட எழுந்து போனார்.

"சொல்லு," என்றார் அப்பா.

"உள்பக்கம் நல்லா செவந்து வந்திருக்குதுப்பா."

"வெளிப்பக்கம்?"

நல்லா இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அவர் பார்க்கப்போவதில்லை.

"ஒரு கோடு இருக்குது. இன்னான்னு எனக்குத் தெரியல."

"தெரியலியா?"

"தெரியலப்பா."

அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, கட்டுப் பிரித்திருக்கும்போது முதல் தடவையாக, எழுந்து உட்கார முயன்றார்.

"முதுகுல கை குடு," என்றார். "நானும் பாக்கறேன்."